விட்டுவைத்த இடம்

"மூணு காகிதம் வீணாப் போச்சு, அம்மிணி. முடவன்னு எழுதுனாத்தான் தாசில்தாருக்குப் புரியும்."

மனு எழுதும் சென்றாயன் சிடுசிடுத்தார். நாமக்கல் தாலுகா கச்சேரிக்கு எதிரே, அவர் உட்கார்ந்திருந்த புளிய மரத்தடியில் வெயில் ஏறிவிட்டது.

ஆராயி விடவில்லை. "கெணறு வெட்டயில உழுந்தவருங்க என்ற ஊட்டுக்காரரு. இடுப்புக்குக் கீழ வெளங்கலைன்னு எழுதுங்க."

"சந்தையில கடை போட எடம் வேணுமா, வேண்டாமா?"

எரிச்சலில் அவர் வீசிய பேனா நாலடி தள்ளி விழுந்தது. "அதை எடுத்துக் குடு" என்றார், உட்கார்ந்தபடியே.

திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். "உங்களை அப்படி எழுதுனா ஒத்துக்குவீங்களா?"

அவர் புதுக் காகிதம் எடுத்து, அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார்.

கச்சேரி மூடியதும் வண்டிக்காரர் வந்து சென்றாயனைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். மடியில் காகிதப் பெட்டி. அதன் அடியில், கச்சேரித் தாழ்வாரத்து நிழலில் உட்கார அனுமதி கேட்கும் அவருடைய சொந்த மனு நாலு வருடமாகக் கிடந்தது.

எல்லாம் எழுதியாகிவிட்டது. 'நான் ஒரு' என்பதற்கு அடுத்து, ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.