பூட்டுகிற நேரம்

கடைசிப் பார்வையாளரும் போய்விட, அறுநூறு வருஷத்து மரச்சட்ட வீட்டுக்குள் காவலாளி தவனேசன் தனியே நிற்கிறார். வெளியே லண்டன் பஸ்கள் இரைகின்றன. சின்னச் சின்னக் கண்ணாடிகள் வழியே நுழைந்த மாலை வெயில் கறுத்த ஓக் தூண்களில் ஏறிக் கிடக்கிறது. ஆணியில்லாமல் மர முளைகளாலேயே எல்லாம் பொருந்தியிருக்கிற வீடு. ஒரு தூணில் மட்டும் பொருத்துத் துளை வெறுமையாக இருக்கிறது. அதில் வந்து சேர்ந்திருந்த மரம் எப்போதோ போய்விட்டது. அவர் விரல் அதற்குள் போய் மீள்கிறது. குளிர் ஏறுகிறது. கதவை இழுத்தபடி உள்ளே பார்த்து, "போட்டு வாறன்" என்று விடைபெறுகிறார்.

வாசலில் கூட வேலை செய்யும் சயந்தன் சிரிக்கிறான். "ஆருக்கண்ணை சொல்லுறியள்? உள்ளுக்க ஒருத்தருமில்லையே."

"மனிசி போனபிறகு என்ர வீட்டிலயும் ஒருத்தருமில்லையடா. இஞ்ச மரமாவது முனகும்."

சாவி திரும்புகிறது. இருவரும் காது கொடுத்து நிற்கிறார்கள். இன்றைக்கென்று பார்த்து உள்ளே ஒரு சத்தமுமில்லை.