இறந்த முயலின் கோடு

அழிப்பதற்கென்று செல் குறியிட்டு வைத்த புரதத்திலிருந்து அந்தக் குறியைக் கழற்றிவிடும் நொதி ஒன்று உண்டு. ஜெசிந்தாவின் நான்கு வருட ஆராய்ச்சி அதைப் பற்றியதுதான். நொதி கண்ணுக்குத் தெரியாது. செல்லின் சாற்றை ஏற்றிய தாளில், ஒரு முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியை ஊற்றினால், நொதி இருக்கும் இடம் ஃபிலிமில் கறுப்புக் கோடாக விழும். புதிதாக வந்த ஆன்டிபாடிக் குப்பியில் மூன்று முறை பார்த்தும் கோடே விழவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"அந்த முயல் செத்துப்போச்சுங்க மேடம். இது வேற முயலோடது" என்றார் மறுமுனையில் பேசியவர்.

அவள் போய்ச் சொன்னபோது, ஆராய்ச்சி வழிகாட்டி அருணகிரி நாற்காலியை விட்டு எழவில்லை. "பழசுல மிச்சம் இருக்காம்மா?"

"பதினோரு தடவை யூஸ் பண்ணி எடுத்து வச்சது இருக்கு சார். இன்னும் ஒரு தடவை வரும்."

"போதும். தீசிஸுக்கு வேண்டிய கடைசிப் படத்தை அதுல எடுத்துடும்மா. வேற எதையும் கிளறாதே."

தலையாட்டிவிட்டு வந்தாள். வந்தவள் அந்த மிச்சத்தை, நொதியை அடியோடு நீக்கி இப்போதுதான் வளர்த்தெடுத்த செல்களின் தாளில் ஊற்றினாள். அங்கே ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால், அந்த முயல் இத்தனை நாளும் வேறு எதையோதான் காட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

இருட்டறையில் ஃபிலிமைக் கழுவினாள். கோடு வர வேண்டுமென்று நான்கு வருடமாக வேண்டியவள், இன்று வரக் கூடாதென்று வேண்டினாள். ஃபிலிமை வெளிச்சத்துக்குத் தூக்காமல், கை கடுக்கும்வரை தண்ணீரில் அலசிக்கொண்டே நின்றாள்.