நடிப்பைக் கண்டுபிடிப்பவர்கள்

யார் நடித்தாலும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும் ஆற்றல் இந்த உலகில் மூன்றே பேருக்குத்தான் உண்டு. மற்ற இரண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியாது.

நான்காம் வகுப்புப் படிக்கும் என் தங்கை வாண்டு நடக்கும்போது வலது பாதம் உள்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். காலையில் அவ்வளவாக இல்லை. மாலையில், கச்சிதமாக வீட்டுப்பாட நேரத்தில்.

இதற்கு மேல் ஒரு விசாரணைக் கமிஷனுக்கு என்ன வேண்டும்?

நரம்பு டாக்டரிடம் என் போனை நீட்டினேன். வாண்டுவுக்குத் தெரியாமல் எடுத்த வீடியோ.

"பாருங்க டாக்டர். முன்னால நடந்தா நொண்டுறா. பின்பக்கமா நடந்தா மகாராணி மாதிரி போறா. சுத்த நடிப்பு."

வாண்டு அம்மாவின் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு டாக்டரையே பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொன்னதை இவரும் சொல்லிவிடுவாரோ என்று.

டாக்டர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். அவளை அறைக்குள் முன்னும் பின்னும் நடக்கவைத்தார். அதேதான்.

"நடிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் வராது தம்பி. இது டிஸ்டோனியா. மூளை காலுக்குச் சொல்றது குழம்பிப்போகுது. பின்பக்கமா நடந்தா சில பேருக்குக் குழம்பாது. ஒரு மாத்திரை தரேன். கேட்டுச்சுன்னா ஓடுவா. கேக்கலன்னா வேற வழி பார்ப்போம். நல்லவேளை, வீடியோ எடுத்தீங்க."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் புரிந்துகொள்ள எந்த ஆற்றலும் தேவைப்படவில்லை.

வெளியே நீண்ட வராந்தா. மாலையாகியிருந்தது. ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வேணாம். நடந்தே போறேன்," என்றாள் வாண்டு.

இரண்டடி வைத்தாள். பாதம் முறுக்கிக்கொண்டது.

நின்றாள். திரும்பினாள். வாசல்வரை போயே தீருவேன் என்ற முகத்தோடு, பின்பக்கமாக, நேராக நடக்கத் தொடங்கினாள்.

பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளை வேடிக்கை பார்த்தார்கள்.

நானும் திரும்பிக்கொண்டேன். அவள் பக்கத்தில், அவள் வேகத்துக்கே, பின்பக்கமாக.

"உனக்கு என்னப்பா?" என்றார் பெஞ்சில் ஒரு பெரியவர்.

"எனக்கும் அதேதாங்க. குடும்ப வியாதி."

அவர் உச்சுக்கொட்டினார். முழுசாக நம்பிவிட்டார்.

வாண்டு ஓரக்கண்ணால் என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டாவது ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.