ஆளுக்கு ஒரு வாளி

“அஞ்சு நாள்ல எனக்கு ஏழு மீனு. உனக்கு எத்தனைடா?”

கேட்டது மாமனார். அவர் பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“சொல்லேன். உன் பிள்ளைங்களும் கேக்கட்டும்.”

“அப்பாவுக்கு ஒண்ணுகூட இல்ல தாத்தா” என்றாள் பெரியவள். சின்னவன் கைதட்டினான்.

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பு விட்டுப் போயிருந்தது.

விமானம் ஏறி, நாடு விட்டு நாடு வந்து, யாரோ ஒருத்தருக்குச் சொந்தமான ஏரிக்கரையில் ஒரு வாரத்துக்கு மரவீடு எடுத்திருந்தார்கள். விடுமுறையாம். தபால் ஆபீசில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறவளுக்கு இங்கே பதினாறு மணி நேரம். சமையல், பாத்திரம், சேறும் சகதியுமாக வந்து விழுகிற துணி, கண் அசந்தால் தண்ணீர்ப் பக்கம் ஓடுகிற சின்னவன்.

பிடிக்கிற கெண்டையையாவது குழம்பு வைக்கலாமா என்றால் அதுவும் கிடையாது. ஈரப் பாயில் கிடத்தி, எடை பார்த்து, போட்டோ எடுத்து, திரும்ப ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். தீனியும் ஏரிக்காரர் கொடுப்பதுதான். வேகவைத்த சோளம், ஆளுக்கு தினம் ஒரு வாளி. அதைத் தண்ணீரில் இறைத்து வைத்தால் மீன் அங்கே மேய வரும். அப்புறம் தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

“திரும்ப விடுற மீனை எதுக்குங்க பிடிக்கணும்?” என்று முதல் நாளே கேட்டாள்.

“உனக்குப் புரியாது” என்றான் கணவன்.

அவளுக்குப் புரிந்தது வேறு. இருட்டு பிரியும் முன்பே எழுந்து போகிறான். மத்தியானம் வந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறான். கடல் அரை மணி தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் இதுவரை கடலே பார்த்ததில்லை. ஒரு நாள் கூட்டிப் போகிறேன் என்று சொல்லித்தான் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான்.

“இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. நாளைக்காவது கடலுக்குப் போவோமா?” என்று இப்போது சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டாள்.

“நாளைக்கு வேணாம். அப்பாவுக்கு இப்பதான் நல்லா மாட்டுது.”

“உங்களுக்கு மாட்டலைன்னு சொல்லுங்க.”

“அவனுக்கு இந்த ஜென்மத்துல மாட்டினது நீ ஒருத்திதான்மா” என்றார் மாமனார்.

கணவன் எழுந்து கைகழுவப் போய்விட்டான். பெத்த பிள்ளையை இப்படியா ஒரு மனுஷர் தினம் தினம் மட்டம் தட்டுவார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இதையும் வாங்கிக்கட்டிக்கொண்டு மறுபடி ஏரிக்கே ஓடுகிறவன்மேல் அதைவிட ஆத்திரம்.

மறுநாள் விடியற்காலை கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அவளும் எழுந்தாள். பிள்ளைகள் காதில் விழாமல் ரெண்டில் ஒன்று பேசித் தீர்த்துவிட வேண்டும்.

கரையில் ஆளுக்கு ஒரு பலகை மேடை. கணவனின் மேடை நாணல் வளைவுக்கு அந்தப் பக்கம். ஆனால் அவன் நின்றது அப்பாவின் மேடையில். பக்கத்தில் ரெண்டு வாளி. ஒன்று காலி. அடுத்ததிலிருந்து அள்ளி அள்ளி இறைத்துக்கொண்டிருந்தான்.

“உங்க பங்கையுமா இங்க கொட்டுறீங்க?”

“மெதுவா பேசு.”

“அஞ்சு நாளாவா?”

வாளியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் பேசினான். “போன வருஷம் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டதுல இருந்து அவர் யாரையாவது கிண்டல் பண்ணிக் கேட்டிருக்கியா? சுவத்தைப் பார்த்துப் படுத்தவர். இப்ப கை தேறிடுச்சுன்னு அவரே சொல்றார். என்னை எப்படி வறுத்தெடுக்கிறார் பாரு. பிள்ளைங்க கடலை அடுத்த தடவை பார்க்கட்டும். அப்பாகிட்ட மூச்சு விடாதே.”

அடுத்த தடவை ஏது என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

எட்டு மணிக்கு மாமனாருக்குக் காபி கொண்டு போனாள். மேடையில் தனியாக உட்கார்ந்து வலது கையை மடியில் போட்டு, இடது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டென்று தூண்டிலைப் பிடித்தார்.

“கை வலிக்குதா மாமா?”

“ஒவ்வொண்ணும் பத்து, பன்னெண்டு கிலோ. வலிக்காம என்ன செய்யும்? காலையில சட்டைப் பட்டன் போட முடியல.”

“அப்ப வீட்டுல படுத்துக்கலாமே.”

“எங்க படுக்கிறது? அவன் தன் வாளியையும் கொண்டாந்து இங்க கொட்டிட்டுப் போறான். மீன் மந்தை மந்தையா வருது. பிடிக்கலைன்னா அவன் மூஞ்சி தொங்கிப் போயிடும்.”

அவள் காபியை ஊற்றாமல் நின்றாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா. முன்னால பார்த்துக்கிட்டே பின்சீட்டுல என்ன நடக்குதுன்னு சொல்லுவேன்.”

“அப்புறம் ஏன் மாமா அவரை அந்தப் பாடு படுத்துறீங்க?”

“என் கிண்டலைக் கேட்கத்தானே அவன் ராத்தூக்கம் இல்லாம கிடக்கான்.”

அவளுக்குக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. “நான் இனிமே கடல் பேச்சையே எடுக்கல மாமா. நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க.”

“கெடுத்தியே” என்றார் மாமனார். நாணல் வளைவை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னைக்கே எடும்மா. மத்தியானம் சாப்பாட்டுல வச்சு, நல்லா சத்தமா ஒரு சண்டை போடு. நீ ஜெயிச்சாதான் என் கைக்கு ஒரு நாள் லீவு.”