ஈப்போவில் ஓர் இரவு

“ஈப்போவை வெட்டினால் லங்காவியிலை இன்னொரு நாள் நிக்கலாம்,” என்று சொல்லிக்கொண்டே தக்சிலா பேனையின் முனையை அந்த ஊரின் பெயர்மேல் வைத்தாள்.

தாய் பூமணி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒஸ்லோவுக்கு அருகே ஸ்ட்ரோம்மன் அங்காடித் தொகுதியில், பயணச்சீட்டுப் பதியும் நிறுவனமொன்றின் மேசை முன்னால் மூவரும் அமர்ந்திருந்தார்கள். வெளியே பெப்ரவரிப் பனி. மேசையில் மலேசியாவின் வரைபடம். கோடை விடுமுறைக்காகத் தக்சிலா ஒரு மாதம் இணையத்தில் தேடித் தொகுத்த திட்டம் அதன்மேல் விரிந்து கிடந்தது: கோலாலம்பூர், மலாக்கா, பினாங்கு, லங்காவி, முடிவில் தியோமான் தீவு.

அந்த வரிசையின் நடுவே, வேறு மையில், வேறு கையெழுத்தில், ஈப்போ நின்றது.

கடலில்லாத ஊர்.

“தீவிலை பிறந்தவளுக்குத் தீவு புளிச்சுப் போச்சுது போலை,” என்றார் கணவர் அருட்செல்வம்.

புங்குடுதீவில் பிறந்த பூமணி அந்தப் பகிடிக்குச் சிரிக்கவில்லை.

“ஒரேயொரு இரவு. அதை வெட்டினால் நான் வரமாட்டன். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ.”

தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினெட்டு ஆண்டு ஒஸ்லோ வாழ்க்கையில் அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை. எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் தங்கள் வீட்டுச் சோபாவின் நிறத்தைக்கூட மற்றவர்களே தெரிந்தெடுத்தார்கள்.

மேசைக்கு அப்பாலிருந்த நோர்வேஜியப் பெண் இதமாகக் கேட்டாள்: முன்பு அங்கே போயிருக்கிறீர்களா?

இல்லை என்றாள் பூமணி. பிறகு, எவரும் கேளாமலே, சொல்லத் தொடங்கினாள்.

ரயில் நிலையம் வெள்ளை நிறம், மேலே குவிமாடம். அதற்கு நேரெதிரே நகர மண்டபம். பழைய நகரையும் புதிய நகரையும் கிந்தா ஆறு பிரிக்கும். தமிழர் செறிந்து வாழ்வது புந்தோங்கில். சுண்ணாம்புக் குன்றுகளின் குகைக்குள் கோயில்கள். பம்பளிமாசுக்குத் தம்பூன், கச்சான் கடலைக்கு மெங்லெம்பு.

வாய்பாடு ஒப்புவிக்கும் பிள்ளையைப்போல, எங்கும் தடக்காமல் சொல்லி முடித்தாள்.

தக்சிலா தன் தாள்களைப் புரட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது.

“அப்பா, அம்மா கொம்பியூட்டரிலை பாத்தவவோ?”

“கொம்மாவோ? அவ அதுக்குத் தூசி தட்டுறதோடை சரி.”

அந்தப் பெண், ‘ஷேமா’ என்று சொல்லி, மூன்று படிவங்களை நீட்டினாள். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். பூமணி நிமிர்ந்து உட்கார்ந்து, அழுத்தமான எழுத்துகளில் விரைவாக நிரப்பினாள்.

எட்டிப் பார்த்த தக்சிலா வாய்விட்டுச் சிரித்தாள்.

“அம்மா, ஷேமாவிலை பிழை விட்டிட்டியள்! பிறந்த இடம் ஈப்போவாம்!”

பூமணி தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருட்செல்வத்தின் முகத்திலிருந்த பகிடி மெல்ல அகன்றது. அவருக்கு விளங்கிவிட்டது. அவரும் ஒரு காலத்தில், ஒன்பது நாள்களுக்கு, மொரீசியசில் பிறந்தவராக இருந்தவர்தான்.

மயிலிறகைச் செருகிக்கொண்டு பறந்த காகத்தின் கதையை எல்லாரும் படித்திருக்கிறோம். மயில்கள் அதைக் கொத்தித் துரத்தின என்பதோடு கதை முடிந்துவிடும். அந்தக் காகத்தின் பின்னால் வேடன் வந்துகொண்டிருந்தான் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

பூமணி மகளிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

அந்தக் காலத்தில், யுத்தத்துக்குத் தப்பி வெளிநாடு போகிறவர்களுக்கு ஏஜென்சி என்றால், இதுபோலப் பூச்சாடி வைத்த மேசை இராது. பாங்கொக்கில் ஓர் அறை, பூட்டிய யன்னல். இருபத்திரண்டு வயதுப் பூமணியிடம் ஏஜென்சிக்காரன் ஒரு மலேசியக் கடவுச்சீட்டையும் ஒரு தாளையும் கொடுத்தான். கடவுச்சீட்டில் அவள் ராஜம்மா, முனியாண்டியின் மகள், பிறந்த இடம் ஈப்போ. தாளில் அந்த ஊர் முழுவதும் எழுதப்பட்டிருந்தது. பதினொரு நாள் இருந்து மனனம் செய்தாள்.

விமான நிலையத்தில் அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டான். உன் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே என்ன இருக்கிறது?

அவள் சொன்னாள். அவன் முத்திரை குத்தினான்.

ஒஸ்லோவில் இறங்குமுன், விமானத்தின் கழிப்பறையில், ராஜம்மாவைத் துண்டு துண்டாகக் கிழித்தாள்.

தக்சிலா பேனையை மேசையில் வைத்தாள்.

“அப்ப அங்கை உங்களுக்கு ஆரைத் தெரியும்?”

“ஒருத்தரையும் தெரியாது, பிள்ளை. ஸ்டேசனுக்கு முன்னாலை அந்த மண்டபம் மெய்யா நிக்குதோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும்.”

அருட்செல்வம் எழுந்து, அந்தப் பெண்ணிடம் வேறொரு படிவம் கேட்டு வாங்கி, மனைவியின் முன்னால் வைத்தார்.

இம்முறை பூமணி அவசரப்படவில்லை. தன் பெயரை எழுதினாள். தன் தகப்பன் பெயரை எழுதினாள். பிறந்த இடம் புங்குடுதீவு என்று எழுதி, அதை அந்தப் பெண் எழுத்துக்கூட்டிப் படிக்கும்வரை காத்திருந்து, ஓம் என்று தலையசைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் சிவப்பு நோர்வேஜியக் கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். ராணி துருப்புச்சீட்டு இறக்குவதுபோல இருந்தது அது.

தக்சிலா பேனையை எடுத்தாள். லங்காவியில் ஒரு நாளை வெட்டினாள். ஈப்போவுக்கு எதிரே இருந்த ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள்.

“பிறந்த ஊருக்குப் போறவைக்கு ஒரு இரவு காணுமே, அம்மா?”