ஆளுக்கு நாலு வரி

"இந்தப் பாடகி ஆறு வயதில் ஒரே ஒரு பாட்டுப் பாடி, ஒரு ரயிலையே நிறுத்தினார்."

வாசித்துவிட்டு அவர் கண்ணாடிக்கு மேலாக மனைவியைப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை.

சாளை மீனின் செதிலை உரசிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

மத்தியானத்திலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வாரம் தேரியில் பாலைவன இசை விழா. அந்தச் செம்மணல் மேட்டின்மேல் மேடை போடுகிறார்கள். எங்கெங்கோ உள்ள பாலைவனங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். பாட வருகிறவர்களைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதித் தரும்படி விழாக்குழு அவரிடம் கேட்டிருந்தது.

ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார்கள்.

ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் கொடியை ஆட்டியதைவிட நாக்கை ஆட்டியதுதான் அதிகம். அவர் வாய்க்குள் போகிற தூறல் வெள்ளமாகத்தான் வெளியே வரும்.

அதனால் வீட்டில் ஒரு முறை உண்டு. எதை எழுதினாலும் மனைவி தங்கபுஷ்பத்திடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் குறைப்பாள். குறைத்ததுதான் வாசல் தாண்டும்.

ராஜஸ்தானிலிருந்து வருகிற சாரங்கிக்காரரைப் பற்றி எழுதியிருந்தார்: "இவர் வில்லை இழுத்தால் ஒட்டகங்கள் அழும். அந்தக் கண்ணீரில் ஒரு ஊரே குளித்தது."

"ஊரே குளிச்சுதாக்கும்? மொகங் கழுவுனாங்கன்னு போடுங்க."

சகாராவிலிருந்து வருகிற கிடார்க்காரரைப் பற்றி: "இவர் கம்பியைத் தொட்டால் மணல்மேடு எழுந்து, இடம் மாறி உட்காரும்."

"நம்ம தேரி ஆடிக்காத்துக்கே இடம் மாறி உக்காரும். இதுல என்ன அதிசயம் கண்டிய?"

இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டுக்குச் சிரிப்பு எப்போதாவது வந்து, நின்றபடியே பேசிவிட்டுப் போகிற விருந்தாளி.

மூன்றாவது ஆளுக்குத்தான் இந்த ரயில்.

"யாரு அது?" என்றாள்.

"பேரு இன்னும் போடல, புஷ்பம்."

பெயர் பியூலா.

அவர்களுடைய ஒரே மகள்.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய காலையில், ஊருக்குப் பாட வந்திருந்த பாலைவனத்துப் பாட்டுக்காரர்கள் கூட்டத்தோடு போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று தங்கபுஷ்பம் சொன்னாள், எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்று.

எல்லாருடைய சொல்லையும் குறைக்கிறவள், அந்தச் சொல்லை மட்டும் குறைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையின் மூன்றாவது நாற்காலியில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி ஏறியது. ரேடியோகூட அதன்பிறகு அந்த வீட்டில் செய்தி மட்டும்தான் சொன்னது.

நேற்று அவருக்குப் போன் வந்தது.

"பாடி முடிச்சிட்டு வீட்டுக்கு வரட்டாப்பா?"

வாயாலேயே ஏழு கடல் தாண்டுகிறவர், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஆகச் சிறிய பொய் அதுதான்.

தங்கபுஷ்பம் மீனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பொய். அடிச்சிருங்க."

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"சரி. ரயில நிறுத்தல. நின்னுக்கிட்டு இருந்த பாசஞ்சரு. கெளம்ப நேரமாச்சு. அவ்வளவுதான்னு போடட்டா?"

"பொய்."

"ரெண்டு பேரு சன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. அப்படிப் போடட்டா?"

"பொய்."

தன் வரியைத் தானே குறைத்து அவருக்குப் பழக்கமில்லை. சொந்தச் சட்டையைத் தானே வெட்டிக்கொள்வதுபோல இருந்தது.

"பிளாட்பாரத்துப் பெஞ்சுல ஏறி நின்னு ஒரு பிள்ளை பாடிச்சு."

செதில் உரசுகிற சத்தம் மட்டும் மறுபடி எழுந்தது.

"ஒரு பிள்ளை இருந்துச்சு."

இன்னும் குறைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அதுவும் பொய்யா, புஷ்பம்?"

மீன் எப்போதோ சுத்தமாகியிருந்தது. அவள் உரசிக்கொண்டே இருந்தாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தேரிப் பக்கமிருந்து வந்த காற்று, தாளின்மேல் சிவப்புத் தூசியைத் தூவிவிட்டுப் போனது. அவர் ஊதவில்லை.

விளக்கைப் போடவும் எழவில்லை.

கடைசியில் பேனாவை, எழுதி வைத்திருந்த அந்த ரயில் வரியின்மேல் வைத்தார்.

முதல் சொல்லின்மேல் கோடு விழுந்தது.

"நில்லுங்க."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கன்னத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது. அந்த அரையிருட்டில் அது ஒன்றுதான் மின்னியது.

"பச்சைக்கொடிய அக்குளுக்குள்ள வச்சுக்கிட்டு நீங்க நின்னிய. எங் கையில ஒங்க சோத்துத் தூக்கு."

அவர் பேனாவை எடுக்கவில்லை.

அவள் நிமிராமலே சொன்னாள்.

"எஞ்சின் டிரைவரும் எறங்கி வந்துல்லா நின்னாரு. அதை ஏன் விட்டுட்டிய?"