எக்ஸ்ட்ரா வாரண்டி

"புதுக் கம்ப்யூட்டரை இன்னிக்கே வாங்கிடலாம். எதுக்குத் தள்ளிப் போடணும்?" என்றாள் மனைவி.

கம்ப்யூட்டர் கடைக்காரர் வாயைப் பிளந்தார். இந்த அம்மா இதுவரை கடைக்குள் கால் வைத்ததெல்லாம் கணவரை வெளியே இழுத்துக்கொண்டு போகத்தான்.

கணவர் பஸ் டிரைவர். பகலெல்லாம் பஸ், வீடு திரும்பினால் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு. அதனால் கடையில் அவருக்குக் 'கேப்டன்' என்று பெயர். பாவம், அந்தக் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது. ஓடுபாதை கண்ணில் பட்டதுமே படம் திக்கித் திணறும், விமானம் எங்கேயாவது போய் முட்டும். ஒரே ஒரு தடவையாவது உருப்படியாகத் தரையிறக்கிவிட வேண்டும் என்று மனிதர் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாதீங்க மேடம். எட்டு மாசத்துல புது மாடல் கிராபிக்ஸ் கார்டு வருது. இதே விலை, ரெண்டு மடங்கு வேகம். இப்ப வாங்கறது வீண். கேப்டனுக்கே தெரியுமே."

"அதானே!" என்றார் கேப்டன். "எட்டு மாசம் என்ன, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். காத்திருப்போம்மா."

"வேணாங்க. இதையே போடட்டும். பெரிய ஸ்கிரீனும் சேர்த்து."

கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களாய்யா? 'ஒழுகற குழாயை முதல்ல சரி பண்ணுங்க, அப்புறம் ஆகாசத்துல பறக்கலாம்'னு ஆடுவா. எனக்கு டியூட்டின்னு காலையில இவளே ஆஸ்பத்திரிக்குப் போய் என் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்தா. ஒண்ணுமில்ல, வெறும் வாயுக்கோளாறாம். அந்தச் சந்தோஷத்துல மகாராணி அள்ளி விடறாங்க!"

மனைவி சிரித்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எப்பக் கிடைக்கும்?"

"ஆர்டர் போட்டா பத்து நாள்ல வந்துடும் மேடம்."

"பத்து நாளா? அந்தக் கண்ணாடி அலமாரியில இருக்கே, அதையே எடுங்க. இன்னிக்கே வந்து மாட்டிடணும்."

"அடேங்கப்பா!" என்றார் கேப்டன். "என்னைவிட இவளுக்கில்ல பறக்கற ஆசை வந்துடுச்சு!"

கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார். "ஒரு வருஷ வாரண்டி இருக்கு. கொஞ்சம் கூடப் போட்டா இன்னும் மூணு வருஷம் எக்ஸ்ட்ரா வாரண்டி தருவோம். எழுதிடவா மேடம்?"

"அதெல்லாம் வேணாங்க."

கேப்டனின் சிரிப்பு பாதியில் நின்றது. மிக்ஸி வாங்கியபோது வாரண்டியை நீட்டச் சொல்லி ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றவள் இவள். எப்போதோ உடைந்துபோன டார்ச் லைட்டின் வாரண்டி அட்டையைக்கூடப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையே போடுங்க" என்றார் கடைக்காரரிடம். பிறகு மனைவியின் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"எட்டு மாசம்கூடவா இல்ல?"